கூரை மேல் பரோட்டா

முதல் நாள் அவர் எங்கள் ஷெட்டின் கூரை மேலிருந்து "பரோட்டா" என்று கத்தினார். நான் உடனே ஆள் அனுப்பி நாலு பரோட்டாவும் ஒரு பொட்டலம் சால்னாவும் வாங்கிவரச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் "உப்பு" என்று இன்னொரு சத்தம். சால்னாவைக் கண்ணால்கூடப் பார்க்காத மனிதருக்கு அதில் உப்புக் குறைவு என்று எப்படித் தெரிந்தது என்று வியந்தேனே தவிர, வேறு சந்தேகம் எதுவும் வரவில்லை. காகிதத்தில் கொஞ்சம் உப்பையும் மடித்து வைத்தேன்.

ஒப்புக்கொள்வதென்று உட்கார்ந்த பிறகு அரைகுறையாக எதற்கு? அவர் ஒரு பயந்தாங்கொள்ளி என்றும் நம்பினேன். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று மழைக்காலம். ஆக, இந்த வட்டாரத்திலேயே அதிகம் பசிக்கிற, அதிகம் பயப்படுகிற ஆளைத் தேடிப் பிடித்து நான் கூரை வேலைக்கு வைத்திருக்கிறேன் என்பது அப்போது என் அபிப்பிராயம். அதை டீக்கடையில் நடித்தும் காட்டியிருக்கிறேன். நன்றாகச் சிரித்தார்கள்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் போனில் 'லீக் பாய்'. எனக்கு நம்பர் கொடுத்த பட்டறைக்காரர் போனிலும் அதேதான். அவரே யாருக்காவது போன் செய்தால், "நான்தான் சார், லீக் பாய்" என்றுதான் ஆரம்பிப்பார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருக்கலாம். எல்லா ஜோக்கும் சொல்ல நேரம் இருந்தது, அதற்கு இல்லை.

எங்கள் ஷெட் ஓசூரிலிருந்து சூளகிரி போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே. பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து தருகிற சின்னக் கம்பெனிகளுக்கு, அட்டைப்பெட்டி செய்து தருகிற அதைவிடச் சின்னக் கம்பெனி நான். மேலே சிமெண்ட் ஷீட். வெளிச்சத்துக்காக நடுநடுவே பிளாஸ்டிக் ஷீட். அட்டைக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பது குழந்தைக்கும் தெரியும். எனக்கு ஷெட் கட்டிக்கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல் மழைக்கே ஏழு இடத்தில் ஒழுகியது.

அவர் குருபரப்பள்ளியிலிருந்து மொபெட்டில் வருவார். ஐம்பத்தைந்து இருக்கும். மெலிந்த ஆள், கத்தரித்த வெள்ளைத் தாடி. வந்ததும் லுங்கியை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் பேண்ட் போட்டுக்கொள்வார். செருப்பைக் கழற்றிவிட்டு, ரப்பர் தேய்ந்து மெத்தென்றிருக்கும் கேன்வாஸ் ஷூவை மாட்டி, நாடாவை இரண்டு முடிச்சுப் போடுவார். அப்புறம் கூரைக்குப் போவார் என்று நினைத்தால், ஷெட்டுக்கு உள்ளே வருவார். அண்ணாந்து பார்த்தபடியே அரை மணி நேரம் நடப்பார். பெண் கொடுக்கிற வீட்டைச் சுற்றிப் பார்க்கிற மாமனார் மாதிரி இருக்கும். எங்கே ஊசித்துளை வெளிச்சம் தெரிகிறதோ, அதற்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம். பிளாஸ்டிக் ஷீட் வருகிற இடத்துக்கெல்லாம் பெருக்கல் குறி.

"அது எதுக்கு பாய்?"

"மேல போனா தூசியும் பாசியும் ஏறி எல்லாம் ஒரே நெறமா இருக்கும் சார். எது சிமெண்ட், எது பிளாஸ்டிக்னு தெரியாது. கால வச்சாதான் தெரியும்."

அந்தக் குறிகளை எண்ணி ஒரு துண்டு அட்டையில் படமாக வரைந்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஏணிக்கு அடியில் நனைத்த கோணி. ஏணியின் தலையை மேலே கம்பியோடு சேர்த்துக் கட்டுவார். கூரையில் நடக்க மூன்று பலகை. அதையும் போல்ட் வரிசை போகிற இடம் பார்த்துத்தான் போடுவார். அடியில் இரும்பு இருப்பது அங்கேதான். என்னைப் புதுசாக ஒரு பெல்ட் வாங்கவைத்தார். தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொள்கிற வகை. அதை அவர் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த சரோஜாக்கா, "சார், பாய் விமானத்துல இருந்து குதிக்கப் போறாரா?" என்றாள். சரோஜாக்கா எங்கள் பெட்டிகளுக்குக் கம்பிப் பின் அடிக்கும் மிஷினில் இருப்பவள், மத்தூர்க்காரி. என்னைவிட ஒரு வயசு பெரியவள் என்பதால் எனக்கு அக்கா, சம்பளம் நான் தருவதால் நான் அவளுக்கு சார்.

இத்தனையும் முடிந்த பிறகும் அவர் கூரையில் கால் வைக்க மாட்டார். ஏணியிலிருந்து இறங்கி வந்துவிடுவார். ஏணியின் மூன்றாவது படியில் கை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார்.

"என்ன பாய், தூக்கமா?"

"இல்ல சார். பயம் வரட்டும்னு நிக்கிறன்."

நானும் நின்றேன். இரண்டு நிமிஷம் போயிருக்கும்.

"வந்துருச்சு சார். ஏறலாம்."

நான் டீக்கடையில் நடித்துக் காட்டியது இதைத்தான். கண்ணை மூடி, கையை நீட்டி, 'வந்துருச்சு'. கடைசியில் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தவர்களெல்லாம், "என்னங்க, வந்துருச்சா?" என்று கேட்கிற அளவுக்குப் போயிற்று.

பரோட்டா விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் வேலை முடிந்து இறங்கியவரிடம் பொட்டலத்தை நீட்டினேன்.

"யாருக்கு சார்?"

"உங்களுக்குத்தான். மேல இருந்து கேட்டுக்கினே இருந்தீங்களே. உப்புகூட இருக்கு."

அவர் பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுகொண்டே விளக்கினார்.

கூரையின் இந்தச் சரிவில் அவர் வேலை செய்வார். அவர் முதுகு பெல்ட்டில் மாட்டிய கயிறு முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும். முகட்டில் அது உரசும் இடத்தில் லாரி ட்யூபைக் கிழித்துச் செருகியிருப்பார். அந்தப் பக்கத் தரையில் எங்கள் வாட்ச்மேன் முனிராஜண்ணன் கயிற்றைக் கையில் பிடித்து நிற்பார். இவர் நகர நகர அவர் தளர்த்த வேண்டும். நின்றால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, நடுவில் மொத்தக் கூரையும் இருக்கிறது. குரல் மட்டும்தான். 'பரோட்டா' என்றால் தளர்த்து. 'உப்பு' என்றால் பிடி.

"இந்த ஊர்ல தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் பேசறாங்க. மூணுலயும் உப்பு உப்புதான் சார். பரோட்டா பரோட்டாதான்."

"பிடி, விடுன்னு சொன்னா ஆகாதா?"

மெல்லுவதை நிறுத்தினார்.

"ஆகாது சார்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் மனசில் அதற்குள் டீக்கடைக்கான அடுத்த நடிப்பு ஓட ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் பார்த்தேன். முனிராஜண்ணன் பிடித்திருந்தது போக மிச்சக் கயிற்றின் நுனி, தூணில் சுற்றிக் கட்டியிருந்தது. "அதான் ஆள் பிடிச்சிருக்காரே, தூண் வேற எதுக்கு?" என்றேன்.

"அவருக்குத் தும்மல் வரும் சார். தூணுக்கு வராது."

வேலை முடிந்து கிளம்பும்போது போனை எடுத்து யாரிடமோ ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "இளிதெ." அவ்வளவுதான், வைத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் இறங்கியதும் இது நடக்கும். கன்னடத்தில் 'இறங்கிவிட்டேன்' என்று அர்த்தம். வீட்டில் தமிழ் பேசுகிற மனிதர் பெண்டாட்டிக்கு எதற்குக் கன்னடத்தில் சொல்கிறார் என்று கேட்டுவைத்தேன். "பெண்டாட்டிக்கு இல்ல சார்" என்றார். நான் கண்ணடித்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

இரண்டாவது வருஷம் ஒரு நாள் நல்ல வெயில். காற்று இல்லை. கூரை காய்ந்து மொறுமொறுவென்று இருக்கிறது. எல்லாம் கட்டி முடித்துவிட்டு ஏணியில் கை வைத்து நின்றார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். திரும்பி வந்து பெல்ட்டைக் கழற்றினார்.

"இன்னிக்கு வரல சார்."

"என்ன வரல?"

"பயம். காலைல மகளுக்குக் கொழந்தை பொறந்துச்சு, பேத்தி. மனசு பறந்துக்கினு இருக்கு. எதைப் பாத்தாலும் பயமே வர மாட்டேங்குது. நாளைக்கு வர்றன்."

"பாய், மழை நாளைக்கு வந்துட்டா?"

"ஓட்டை ஓடிப் போகாது சார்" என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டுக் கயிறு விடாமல் சுருட்டி மொபெட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இது அவருடைய வழக்கம். கிளம்பும்போது ஏணியைக் கீழே படுக்க வைப்பார், கயிற்றைச் சுருட்டிவிடுவார், பெல்ட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அன்றைக்கு சந்தோஷமாக இருந்த ஒரே குற்றத்துக்காக அவரைச் சாயங்காலம் வரை திட்டிக்கொண்டிருந்தேன். ஜிலேபி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைத் தின்றுகொண்டேதான் திட்டினேன்.

இனி மூன்றாவது வருஷம். ஐப்பசி, வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு கம்பெனிக்கு ஆயிரத்துச் சொச்சம் பெட்டி போக வேண்டும். கட்டுக் கட்டாக அடுக்கி வைத்தாகிவிட்டது. பாதி வேலை இன்னும் மிஷினில். சரியாக மிஷினுக்கு மேலே சொட்டுகிறது. சரோஜாக்கா மிஷின் தலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கட்டி வைத்துக்கொண்டு பின் அடித்துக்கொண்டிருந்தாள். வாளி நிறைய நிறைய என் ரத்தக்கொதிப்பும் ஏறியது. அந்தக் கம்பெனிக்காரர் ஏற்கெனவே ஒரு தடவை ஈரப் பெட்டியைத் திருப்பி அனுப்பியவர். இந்தத் தடவையும் அப்படி ஆனால் ஆர்டர் போயிற்று.

பாய் காலையிலேயே வந்துவிட்டார். கயிற்றை முகட்டுக்கு அந்தப் பக்கம் வீசிப்போட்டார், பலகையை ஏற்றினார். ஏணியில் கை வைத்து நிற்கும்போது தூறல் பிடித்தது. கையை எடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். பதினொன்றரைக்குத் தூறல் விட்டது. வெயில்கூட லேசாக அடித்தது.

"ஏறலாமே பாய்."

"ஷீட் காயல சார். பாசி வழுக்கும். பக்கத்துல மசூதில தொழுதுட்டு வந்துடறன். ரெண்டு மணிக்குக் காஞ்சிருக்கும்."

"ரெண்டு மணிக்கு மழை வந்துட்டா?"

"வந்துட்டா ஏற முடியாது."

"எட்டு மணிக்கு வண்டி வருது பாய். ஒரே ஒரு போல்ட். ஒரு வாஷர். அஞ்சு நிமிஷ வேலை."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், நீங்க ஏறாதீங்க" என்றார். நான் ஏறப்போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. எனக்கே அந்த யோசனை அதுவரை வரவில்லை. ஏணியைத் தானே இறக்கிச் சுவரோரம் படுக்க வைத்துவிட்டு, ஷெட்டின் அந்தப் பக்கம் ஒரு நடை போய்வந்து, மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் முனிராஜண்ணனைக் கூப்பிட்டேன். ஏணியைப் படுக்க வைத்தால் மறுபடி நிமிர்த்த ஆளில்லாமலா போய்விட்டது?

முனிராஜண்ணன் ஆனேக்கல் பக்கத்து ஆள். வீட்டில் கன்னடம், மாமனார் ஊரில் தெலுங்கு, லீவு கேட்கும்போது தமிழ். அவரிடம் கன்னடத்தில் பேசுவது எனக்கு ஒரு பெருமை. அதுவும் மரியாதைக் கன்னடம், நில்லுங்கள் என்பதற்கு 'நில்லி', சொல்லுங்கள் என்பதற்கு 'ஹேளி' என்று. "பேட சார், பாய் பர்லி" என்றார் அவர். வேண்டாம், பாய் வரட்டும் என்று அர்த்தம். நான் அதற்கும் மரியாதையாகவே பதில் சொல்லி அவரைக் கயிற்றுக்கு அனுப்பினேன். கயிறு முகட்டு மேல் அப்படியே கிடந்தது. பெல்ட் மேஜை மேல் இருந்தது. மாட்டிக்கொண்டேன்.

"சார், எங்க?" என்றாள் சரோஜாக்கா.

"மேல."

"பயம் வந்துருச்சா?"

"போய் வேலையப் பாரு."

வரவில்லை. ஒரு துளிகூட வரவில்லை. கோபம் இருந்த இடத்தில் அதற்கு இடமே இல்லை.

ஏணியில் ஏறி, முகட்டிலிருந்து தொங்கிய கயிற்று நுனியை முதுகு பெல்ட்டில் மாட்டுகிற வரை நன்றாகத்தான் போயிற்று. பலகையில் கால் வைத்ததும்கூட நன்றாகத்தான் இருந்தது. நகர்வதற்குக் கயிறு தளர வேண்டும். இங்கேதான் என் கௌரவம் குறுக்கே வந்தது. சொந்தக் கூரையில் நின்றுகொண்டு, கீழே வேலைக்காரர்கள் கேட்க, நான் 'பரோட்டா' என்று கத்துவதா? எனக்குத்தான் கன்னடம் தெரியுமே. 'ஸ்வல்ப பிடி' என்றேன். கன்னடத்தில் அதற்குக் கொஞ்சம் விடுங்கள் என்று பொருள். முனிராஜண்ணன் அழகாகத் தளர்த்தினார். இரண்டடி போனேன். "ஸ்வல்ப பிடி." இன்னும் இரண்டடி. பாய்க்கு ஒரு வேலை குறைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பலகை முடிந்தது. அடுத்த பலகையை எடுத்து முன்னால் போட வேண்டும், அதற்குக் குனிய வேண்டும். குனிந்தபோதுதான் முதல் தடவையாகக் கீழே பார்த்தேன். பாய் சொன்னது சரி. எல்லாம் ஒரே நிறம். கறுப்பும் பச்சையுமாக ஈரப்பாசி. எது சிமெண்ட், எது பிளாஸ்டிக்? அவர் வரைந்த படம் அவர் சட்டைப் பையில் மசூதிக்குப் போயிருந்தது. காலடியில் பலகை தானாக ஆட ஆரம்பித்தது. வந்துருச்சு. ஏறிய பிறகு வந்துருச்சு.

பயம் வந்ததும் மரியாதைக் கன்னடமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. தருமபுரியில் பிறந்த வாய் தன் பேச்சுக்குத் திரும்பிவிட்டது.

"பிடி, பிடி, பிடி."

தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. கூரை மேலிருந்து கத்தினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். கூரைக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதருக்கு, இவ்வளவு நேரம் எந்தப் பாஷையில் எதைக் கேட்டேனோ, அதையே இப்போது அவசரமாகக் கேட்கிறேன் என்றுதான் பட்டிருக்கும். கயிறு முதுகில் தொளதொளவென்று ஆவது தெரிந்தது. ஒரு காலைப் பக்கவாட்டில் ஊன்றினேன். அது பிளாஸ்டிக்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பளம் உடைகிற மாதிரி. அப்புறம் என் தோளையும் தொடையையும் யாரோ ஒரே நேரத்தில் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தபோது என் ஷெட்டுக்குள், பின் அடிக்கும் மிஷினுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கும் மேலே தொங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கோணத்தில் என் ஷெட்டை நான் பார்த்ததே இல்லை. மின்விசிறி இறக்கைகளின் மேல்பக்கம் அவ்வளவு அழுக்கு. சரோஜாக்கா மிஷினை நிறுத்தினாள். எல்லோரையும் பின்னால் போகச் சொன்னாள். ஒருத்தியைப் பாய்க்குப் போன் பண்ணவைத்தாள். அதெல்லாம் செய்துவிட்டுத்தான் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன் சார், ஏணி அந்தப் பக்கம்தான இருக்கு?"

பேசினால் கயிறு அறுந்துவிடும் என்று அப்போது உறுதியாக நம்பினேன். மூச்சைக்கூட எண்ணி விட்டேன். குலதெய்வத்துக்கு ஒரு கிடா நேர்ந்தேன். கொஞ்சம் ஆடிய மாதிரி இருந்தது, இரண்டாக்கினேன்.

பாய் தலையில் தொப்பியோடு வந்தார். என்னைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், மூச்சு விட முடியுதா?"

"ம்."

"அடி ஏதாச்சும்?"

"முழங்கை."

"கால மடக்கி மடக்கி நீட்டுங்க. சும்மா தொங்கக் கூடாது, மரத்துப் போய்டும். பயமா இருக்கா?"

"பயமா இருக்கு பாய்."

"நல்லது. அத வச்சுக்கினே எறங்கிடலாம்."

சுற்றிலும் பார்த்தார். மறுநாள் போக வேண்டிய பெட்டிக் கட்டுகளைக் காட்டி, "அதைக் கொண்டாங்க" என்றார். தொங்குகிற நிலையிலும் நான், "பாய், அது டெலிவரி" என்றேன் என்று சரோஜாக்கா இன்றுவரை சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை. இருக்காது என்றும் சொல்ல முடியாது.

கட்டு மேல் கட்டாகப் படிக்கட்டு மாதிரி அடுக்கினார்கள். மேலே ஒரு பலகை போட்டு என் பாதத்தைத் தாங்க வைத்தார்கள். கயிற்றிலிருந்து என் கனம் இறங்கியதும், பாய் ஓடிப்போய் அந்தப் பக்கத் தூணின் முடிச்சை அவிழ்த்து, கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி முனிராஜண்ணன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

"பரோட்டா" என்றார். நான் ஒரு கட்டு இறங்கினேன். "உப்பு." நின்றேன். "பரோட்டா." இன்னொரு கட்டு. ஆறு பரோட்டாவில் தரைக்கு வந்தேன். யாரும் சிரிக்கவில்லை. இந்த வார்த்தையை வைத்து மூன்று வருஷம் நான் ஊரைச் சிரிக்க வைத்திருந்தேன்.

முனிராஜண்ணன் வந்து என் எதிரில் நின்றார். "நீவே பிடி பிடி அந்த்ரல்ல சார், பிட்டெ" என்றார். நீங்கள்தானே விடுங்கள் விடுங்கள் என்றீர்கள், விட்டேன். அவர் மேல் ஒரு பிசகும் இல்லை. அவர் மரியாதையாக நடந்துகொண்டார்.

டீ வந்தது. அப்போதுதான் பாய் சொன்னார், தம்ளரைப் பார்த்துக்கொண்டே.

"ரொம்ப வருஷம் முன்ன சார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கோடவுன். என்கூட ஒருத்தர், கன்னடக்காரர். ரெண்டு பேரும் சேந்து எடுத்த மொத வேலை. எங்கிட்ட தமிழ்லதான் பேசுவாரு. அவரு மேல, நான் கயித்துல. காத்து எடுத்துச்சு. அவசரத்துல அவருக்கு அவரு பேச்சு வந்துருச்சு. பிடி பிடின்னாரு. விடச் சொல்றாரு. எனக்குப் பிடின்னா பிடிதான? அவரு கத்தக் கத்த நான் இறுக்கினன். கால எடுத்து அடுத்த வரிசைல வைக்கப் போனாரு, கயிறு பின்னால இழுத்துருச்சு."

"பெல்ட்?"

"அப்ப ஏது சார் பெல்ட். இடுப்புல சுத்தின கயிறு. முடிச்சு கழண்டுக்கிச்சு. நான் அந்தப் பக்கம் நின்னுக்கினு கெட்டியாப் பிடிச்சிருந்தன். என் வாழ்க்கைல எதையும் அவ்ளோ கெட்டியாப் பிடிச்சதில்ல. இந்தப் பக்கம் கயித்துல ஆளே இல்ல."

சரோஜாக்கா அவர் தம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

"உசுரு இருக்கு. நடக்க மாட்டாரு. உக்காந்த எடத்துல செல்போன் ரிப்பேர் பண்றாரு. நான் ஏறுற அன்னிக்கெல்லாம் அவருக்கு வேலை ஓடாது. அதான் எறங்குனதும் சொல்லிடறது."

போனை எடுத்து நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினார். "இன்னிக்கு நீங்க சொல்லுங்க."

"இளிதெ" என்றேன்.

அந்தப் பக்கம் இருந்தவருக்குக் குரல் வேறு என்று தெரிந்திருக்கும். யார் என்று கேட்கவில்லை. "ஊட்டா ஆய்தா?" என்றார். சாப்பிட்டாச்சா?

ஆகவில்லை. அன்று எல்லோருக்கும் நிஜமாகவே பரோட்டா வாங்கிவரச் சொன்னேன்.

அதற்கப்புறம் இரண்டு மழைக்கு அவர் வந்தார். பிறகு மகள் குடும்பத்தோடு ஆந்திரா பக்கம் போய்விட்டதாகப் பட்டறைக்காரர் சொன்னார். அந்த நம்பரை இப்போது எடுப்பது வேறு யாரோ. நான் அழிக்கவில்லை. இப்போது எங்கள் கூரைக்கு வருகிறவரும் பரோட்டா, உப்பு என்றுதான் கத்துகிறார். முனிராஜண்ணன் வேறு வார்த்தைக்குக் கயிற்றைத் தொடுவதில்லை.

இந்தக் கதையை நான் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் ஒரு கையால் கம்பியைப் பற்றித் தொங்குவேன். இன்னொன்றில் விழுகிற போதே மிஷின் ஸ்விட்சை அணைப்பேன். ஊரில் அதிகம் பிடித்தது கிடா வருகிற கதைதான். நடந்தது இவ்வளவு. மழை அன்று இரண்டு மணிக்கு வரவில்லை, மூன்று மணிக்குக் கூரை காய்ந்துவிட்டது. பாய் ஏறி அந்த ஒரு போல்ட்டுக்கு வாஷர் மாற்றி, நான் போட்ட ஓட்டையையும் மூடிவிட்டு இறங்கினார். மிதிபட்ட பெட்டிகளை மறுபடி செய்து திங்கட்கிழமை அனுப்பினேன். கம்பெனிக்காரர் திட்டினார், வாங்கிக்கொண்டார். சாயங்காலம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பாயிடம், வழக்கமாகக் கிளம்பும்போது எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறவர் அன்றைக்கு மட்டும் ஏன் கயிற்றை விட்டுவிட்டுப் போனார், அதையும் ஏன் தூணில் கட்டிவிட்டுப் போனார் என்று கேட்டேன்.

"ஏணிய எறக்கினது நீங்க ஏறக் கூடாதுன்னு சார்" என்றார். "கயித்தக் கட்டினது, நீங்க ஏறுவீங்கன்னு."